இரவல் கோட்டும் உடன் வந்த மூவரும்

கற்றோர் பலர் எழுதிவரும் இத்துறையில் நான் கால் வைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை நன்கு உணர்ந்திருக்கிறேன். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வராமல் போனாலோ, வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டாலோ, முதல் முயற்சி என்று கருதிப் பொறுத்தருளுமாறு அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொண்டு, கதைக்குள் நுழைய அனுமதி கோருகிறேன்.

பச்சைமுத்துவின் சட்டையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அய்யோ! செம்பை எடும்மா!"

அஞ்சம்மாள் செம்பை எடுத்தாள். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீடுகளில் பித்தளைச் செம்பில் நெருப்பை நிரப்பி, அதன் அடிப்பாகத்தால் துணியைத் தேய்ப்பது வழக்கம். அஞ்சம்மாளும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி, "இன்னிக்கு இன்னா விசேசம்?" என்று கேட்டுவிட்டாள். "எம்மவன் மெட்ராஸ் பெரிய காலேஜுக்குப் போவப் போறான்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தபோது செம்பு சட்டையின்மேல் இருந்தது. பதில் முடிய நேரமாயிற்று.

சட்டையின் முதுகில், செம்பின் அடியளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை.

"முதுவுலதான கண்ணு? முன்னாடி பாத்தா ஒண்ணும் தெரியல" என்றாள் அஞ்சம்மாள்.

"வெளியே வரும்போது முதுகைத்தானேம்மா பார்ப்பாங்க?"

"அப்டின்னா மூஞ்சிய காட்டிக்கினே பின்னால நடந்து வா."

பச்சைமுத்துவுக்கு வேறு சட்டை கிடையாது. பள்ளி இறுதிப் பரீட்சையில் விழுப்புரத்திலேயே முதலாவதாகத் தேறிய அவனுக்கு, சென்னையில் உள்ள மிகப் பெரிய கல்லூரி ஒன்று இடம் கொடுத்திருந்தது. சீமான்களின் பிள்ளைகளும் ஜட்ஜுகளின் பிள்ளைகளும் படிக்கும் கல்லூரி அது. இடம் கொடுத்தார்களே தவிர, படிப்புக்கான சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குள் கட்டவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பச்சைமுத்துவுக்கு வேறோர் இடமும் தயாராக இருந்தது. அது ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த மல்லாட்டைக் கிடங்கில், நிலக்கடலை மூட்டை தூக்கும் இடம். அஞ்சம்மாள் மல்லாட்டை உடைக்கும் கிடங்கு அதுதான். திங்கட்கிழமை முதல் வரலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அங்கே சம்பளம் கட்டச் சொல்லவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வழி இருந்தது. திண்டிவனத்தில் ஒரு தர்ம நிதி, ஏழையும் ஆதரவற்றவருமான மாணவர் ஒருவருக்குக் கல்லூரிச் செலவு முழுவதையும் கொடுப்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தது. நிர்வாகியான வக்கீல் தேவநாதன் அவர்களை வீட்டில் நேரில் காணவேண்டும். அதற்குக் கடைசி நாள் அன்றுதான். கடைசி நேரம், மத்தியானம்.

"ஓட்டைச் சட்டையோட வக்கீல் வூட்டுக்குப் போவாத. தேவசகாய அண்ணங்கிட்ட ஒரு கோட்டு கீது, போயி கேப்போம்" என்றாள் அஞ்சம்மாள்.

தேவசகாயம் ரயில்வே காலனியில் ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர். துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறியபோது, பெட்டியில் அடங்காத ஒரு கறுப்புக் கோட்டைத் தேவசகாயத்திடம் கொடுத்துப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவிர அதை அவர் வெளியே எடுத்ததில்லை.

"தாராளமா போட்டுக்கினு போ கண்ணு. நானும் கூட வர்றேன்" என்றார் தேவசகாயம்.

"நீங்க எதுக்கு மாமா?"

"உன்னை நம்பாம இல்ல. கோட்டைத்தான் நம்பல. அதுக்கு வயசாச்சு, தனியா அனுப்ப மனசு வரல."

எங்கள் பக்கத்தில் இரவல் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கேட்ட பொருளை இல்லையென்று சொல்லமாட்டார்கள். பொருளைத் தனியே அனுப்பவும் மாட்டார்கள். கலியாணத்துக்கு அண்டா இரவல் வாங்கினால், அண்டாக்காரர் குடும்பத்தோடு பந்தியில் முதல் இலைக்கு வந்துவிடுவார். இதில் யாரும் யாரையும் தவறாக நினைப்பதில்லை.

கோட்டு ஓட்டையை மறைத்தது. ஆனால் கோட்டுக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன.

"கோட்டு போட்டுக்கினு வெறுங்காலோட போனா நல்லாவா கீது? எங்கயோ எடுத்துக்கினு ஓடியாந்தவன் மாதிரி கீறான்" என்றான் மாரியப்பன்.

மாரியப்பன் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். அவனிடம் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. பச்சைமுத்துவின் காலுக்கு அது மிகவும் பெரிது. பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்ததும் கால் உள்ளே நின்றது.

"சாயந்தரம் திருவாமாத்தூர்ல கலியாண ஊர்வலம். பூட்ஸ் இல்லாம வாசிக்க வுடமாட்டாரு மாஸ்டரு. அதனால நானும் வர்றேன்" என்றான் மாரியப்பன்.

பிறகுதான் கோட்டின் நடுப்பொத்தான் இல்லாததைக் கவனித்தார்கள். இடைவெளியில் சாயம் போன சட்டை எட்டிப் பார்த்தது. இந்தச் சமயத்தில் தாண்டவராயன் அங்கே வந்தார். சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்பவர். களையெடுப்புக்கு அஞ்சம்மாள் ஏன் வரவில்லை என்று அதட்ட வந்தவர், பச்சைமுத்துவைப் பார்த்ததும் அதட்ட மறந்துவிட்டார்.

"இன்னா அஞ்சம்மா, உம்மவனா இது? தாசில்தாரு மாதிரி நிக்கறான்?"

"எல்லாம் சரிங்க ஆண்டே. பொத்தான்தான் இல்ல."

தாண்டவராயன் அந்த நிமிஷத்துப் பெருமிதத்தில் தம் மடியிலிருந்த சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து, கோட்டின் குறுக்கே தம் கையாலேயே மாட்டிவிட்டார். பொத்தான் இல்லாத இடம் மறைந்தது. மறைந்தவுடனே அவர் முகம் மாறியது.

"எங்க மாமனாரு போட்ட கடியாரம்டா அது. கெங்கம்மாளுக்குத் தெரிஞ்சா என்னை வூட்ல சேக்கமாட்டா. இரு, நானும் வர்றேன்."

இவ்விதமாக, ஒரு சட்டையின் ஓட்டையை மறைக்கப் புறப்பட்டதில், விழுப்புரம் ரயிலடிக்கு நால்வர் போய்ச் சேர்ந்தார்கள்.

ரயிலடியில் இருந்த காபிக் கடைக்காரர், "வாங்க சார், உள்ள வாங்க" என்று பச்சைமுத்துவை அழைத்துக் கண்ணாடித் தம்ளரில் காபி கொடுத்தார். அவன் தகப்பனார் உயிரோடிருந்த காலத்தில், அதே கடைக்குப் பின்புறம் நின்று கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடித்தவர். பச்சைமுத்து தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கோட்டுக்குக் குடுத்த காபிடா. கோட்டு மேலயே ஊத்திடாத" என்றார் தேவசகாயம்.

மூன்றாம் வகுப்பு வண்டியில் உட்கார இடமிருந்தது. பச்சைமுத்துவால்தான் உட்கார இயலவில்லை.

"சாயாத! முதுவு கசங்குது."

"அண்ணே, கால ஆட்டாம நில்லு. தோலு வெடிச்சிடும்" என்று பூட்ஸின்மேல் கண்ணாக இருந்தான் மாரியப்பன். பச்சைமுத்து அவனுக்கு இளையவன். ஆயினும் பூட்ஸ் போட்டவனை 'டேய்' என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் பச்சைமுத்து கடிகாரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"தொடாத! மணி பாக்கறியா? அது ஓடாது. தொட்டா முள்ளு வுழுந்துடும்" என்று துள்ளினார் தாண்டவராயன்.

அவருடைய நிலைமை பரிதாபமானது. பச்சைமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்தார் என்று ஊரில் தெரிந்தால் அவருக்குக் கௌரவக் குறைவு. கடிகாரத்தைவிட்டு விலகி உட்கார்ந்தாலோ அவருக்கு மூச்சு முட்டியது. ஆகவே மயிலம் வரும்வரையில் பலகையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நகர்ந்துகொண்டேயிருந்தார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் பச்சைமுத்து, "வக்கீல் தேவநாதன் வீடு எதுன்னு யாரையாவது விசாரிக்கலாமா?" என்றான்.

"கோட்டு போட்டவன் வழி கேக்கறதா? துரை ஒருநாள் கூட யாரையும் வழி கேட்டதில்ல தெரியுமா?" என்று தேவசகாயம் கண்டித்தார். "திண்டிவனத்துல எனக்குத் தெரியாத வக்கீல் வூடா? என் பின்னால வா."

தேவசகாயம் முன்னே நடக்க, பூட்ஸுக்குள் தாள் நகர்ந்துவிடாதபடி பச்சைமுத்து அடிமேல் அடிவைத்து நடக்க, பூட்ஸைப் பார்த்தபடி மாரியப்பனும், கடிகாரத்தைப் பார்த்தபடி தாண்டவராயனும் நடந்தார்கள். கடைத்தெருவில் இருவர் எழுந்து நின்று பச்சைமுத்துவுக்குக் கும்பிடு போட்டார்கள்.

கோயில் தெருவில் ஒரு பெரிய வீட்டின் முன் தேவசகாயம் நின்றார். வாசலில் இருந்த குமாஸ்தா பெரியசாமி அவர்களைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"வக்கீல் ஐயா வீடுங்களா?" என்றான் பச்சைமுத்து.

"ஆமாங்க, ஆமாங்க! வாங்க! எத்தினி பேரு? நாலா?" குமாஸ்தா உள்ளே திரும்பிக் கூவினான்: "ஐயா! நாலு பேரு வந்துகிறாங்க!"

உள்ளே ஏதோ உருண்டு விழுந்த ஓசை கேட்டது. குமாஸ்தா துண்டால் நாற்காலிகளைத் தட்டினான். தட்டிய பிறகுதான் அவற்றின் நிறம் தெரிந்தது. வக்கீல் கறுப்பு அங்கியின் ஒரு கையை மாட்டிக்கொண்டும் மறுகையைத் தேடிக்கொண்டும் வந்து சேர்ந்தார். வயதானவர். கண்கள் மட்டும் பளபளவென்று இருந்தன.

"உட்காரும். பயப்பட வேண்டாம். என்ன விஷயமோ, உள்ளது உள்ளபடி சொல்லும்."

பச்சைமுத்து உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்: "ஐயா, நான் விழுப்புரத்திலிருந்து வரும் ஏழையும் ஆதரவற்றவனுமான மாணவன். சென்னையில் கல்லூரியில் சேர இடம் கிடைத்திருக்கிறது. தர்ம நிதி உதவி கோரி வந்திருக்கிறேன்."

வக்கீல் ஒரு கணம் தெருப்பக்கம் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தரையைப் பார்த்தான்.

"சரி, விசாரிப்போம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் வக்கீல். "ஏழை என்றீர்?"

"ஆம் ஐயா."

"நீர் போட்டிருப்பது சீமைக் கம்பளிக் கோட்டு. காலில் பூட்ஸ். மார்பில் சங்கிலிக் கடிகாரம். ஏழை எப்படி இருப்பான் என்று இதுவரை நான் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேனோ?"

பச்சைமுத்துவுக்கு வியர்த்தது. "இவை என்னுடையவை அல்ல ஐயா. இரவல்."

"யாருடையவை?"

"கோட்டு என்னுதுங்க" என்றார் தேவசகாயம் பெருமையோடு.

"பூட்ஸ் நம்மளுதுங்க."

"கடியாரம் எங்க மாமனாரு போட்டதுங்க."

"ஆக, கேட்டவுடன் கோட்டும் பூட்ஸும் கடிகாரமும் கொடுத்து, விழுப்புரத்திலிருந்து ரயிலேறி உடன் வரவும் மூன்று பேர் இருக்கிறார்கள்." வக்கீல் பச்சைமுத்துவின் பக்கம் விரலை நீட்டினார். "எனக்குக்கூட இத்தனை பேர் இல்லை ஐயா! நீரா ஆதரவற்றவர்?"

வக்கீல் மூக்குப்பொடி போட உள்ளே போன சமயம் பார்த்து, பச்சைமுத்து மூவரையும் வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

"கெட்டுது காரியம்! உங்களாலதான் நான் ஆதரவு இருக்கிறவனாயிட்டேன். தயவு பண்ணி என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"அதுக்கின்னா, சொல்லிட்டாப் போச்சு" என்றார் தாண்டவராயன். மூவரிலும் அவருக்குத்தான் அது மிகவும் எளிதாக இருந்தது.

நால்வரும் உள்ளே போய் நிற்க, வக்கீலும் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூக்கின் நுனி சிவந்திருந்தது.

"இந்தப் பையனை உமக்கு எத்தனை நாளாகத் தெரியும்?"

"தெரியாதுங்க" என்றார் தேவசகாயம்.

அதே வேளையில் எங்கோ கொல்லைப்புறத்தில் ஒரு சேவல் கூவியது. தேவசகாயம் முகம் வெளுத்து, நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஆண்டவரைத் தெரியாதென்று சீடர் ஒருவர் மறுத்தபோது சேவல் கூவிய கதையை அவர் பூசையில் கேட்டிருந்தார்.

"உமக்கு?"

"இன்னிக்குத்தாங்க பாக்கறேன்" என்றான் மாரியப்பன்.

"உமக்கு?"

"இவன் யாரு இன்னான்னே தெரியாதுங்க" என்றார் தாண்டவராயன், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வக்கீல் எழுந்து நின்றார். அங்கியின் மறுகை அப்போதுதான் அவருக்கு அகப்பட்டது. அதையும் மாட்டிக்கொண்டார்.

"இவனை உமக்குத் தெரியாது. கோட்டு உம்முடையது. உம்முடைய கோட்டு, உமக்குத் தெரியாதவன் உடம்பில் இருக்கிறது. இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா?"

"சாமி, திருட்டு கிருட்டு இல்லீங்க! நான்தான் என் கையால மாட்டிவுட்டேன்!"

"தெரியாதவனுக்கா?"

தேவசகாயம் சேவல் கூவிய பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போகட்டும். சீமைக் கோட்டு உமக்கு எப்படி வந்தது?"

"தொரை குடுத்துதுங்க."

"துரை எங்கே?"

"சீமைக்குப் போயிட்டாருங்க."

"போகும்போது கொடுத்தாரா, போன பிறகு எடுத்தீரா?"

"அய்யோ, இன்னா சாமி இது பேஜாரா கீது! வாரம் தவறாம பூசைக்குப் போறவன் நான்!"

"கோட்டோடுதானே போகிறீர்? உட்காரும். பூட்ஸ்காரர் வரலாம். உம்ம காலுக்கு வாங்கியதா இது?"

"பேண்டு மாஸ்டரு வாங்கியாந்துதுங்க" என்றான் மாரியப்பன் மெதுவாக.

"அப்படியானால் மாஸ்டருடையது. அவரிடம் கேட்டுத்தானே இந்தப் பையனுக்குக் கொடுத்தீர்?"

மாரியப்பன் பச்சைமுத்துவின் காலடியில் உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"கடிகாரக்காரரே! நீர் கொடுத்தது உம்ம சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"அவளை எதுக்குங்க நடுவுல இழுக்கறீங்க?" தாண்டவராயன் கடிகாரத்தின் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"இழுக்கத்தான் வேண்டும். அந்த அம்மாளை ஒரு சாட்சியாக அழைத்தால்..."

வக்கீல் சொல்லி முடிப்பதற்கு முன்பே தாண்டவராயன் பாய்ந்து சங்கிலியைப் பிடித்தார். கௌரவக் குறைவைப் பற்றி அவருக்கு அப்போது நினைவே இல்லை. பச்சைமுத்துவை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் இழுத்தார். அவர் முன்புறம் இழுக்க, தேவசகாயம் பின்புறம் கோட்டை உருவ, மாரியப்பன் கீழே காலை இழுக்க, பச்சைமுத்து மூன்று திசைகளிலும் சிறிது சிறிதாகப் போனான். ஒரு பொத்தான் தெறித்து மேசைக்கடியில் ஓடியது. கடிகாரத்துக்குள் ஏதோ 'டிங்' என்று உதிர்ந்தது. பூட்ஸ் ஒன்று கையோடு வந்தது. அதன் குதிகால் தரையிலேயே இருந்தது.

"ஜல்தி வாங்கய்யா, மெட்ராஸ்லேருந்து வர்ற வண்டி இருக்குது!" என்று மாரியப்பன் குரல் கொடுத்தான். மூவரும் தத்தம் பொருளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். வாசல்படியில் மட்டும் தேவசகாயம் ஒரு கணம் நின்று, "மன்னிச்சுக்க கண்ணு" என்றார்.

தரையில் பத்திரிகைத் தாள்கள் சிதறிக் கிடந்தன. நடுவே, வெறுங்காலோடும் முதுகில் வட்டமான ஓட்டையோடும் பச்சைமுத்து நின்றான்.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்து நீண்ட பெருமூச்சு விட்டார். அவர் முகம் பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது.

"என் கேள்விகள் முடிந்தன" என்றார்.

"ஐயா, எனக்கு உதவி கிடைக்குமா?"

"அதைச் சொல்வது என் வேலை அல்ல" என்று அன்போடு சொல்லிவிட்டு, அங்கியைக் கழற்றியபடி உள்ளே போனார். "பெரியசாமி! இலையைப் போடச் சொல். இன்று நன்றாகப் பசிக்கிறது."

பச்சைமுத்து தெருவில் இறங்கினான். வெயில் ஏறக்குறைய உச்சிக்கு வந்திருந்தது. ஓட்டை வழியாக அது முதுகில் வட்டமாகச் சுட்டது. ஜட்ஜுகளின் பிள்ளைகள் அவனில்லாமல் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையை அவன் ஒருமுறை நினைத்துப் பார்த்தான். பிறகு மல்லாட்டை மூட்டையின் கனத்தை நினைத்துப் பார்த்தான். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் நினைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. கண்ணில் நீர் முட்ட, ரயிலடியை நோக்கித் திரும்பினான்.

"தம்பி! ஓ தம்பி! அந்தப் பக்கம் எங்க போற?" குமாஸ்தா பெரியசாமி மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் தலைகுனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "காலேஜுக்குப் பணம் குடுக்கற தேவநாதன் ஐயா வூடு அதோ, அடுத்த வூடு, இன்னும் கதவு சாத்தல, எங்க ஐயாகிட்ட ஒரு கேசு வந்து வருசக்கணக்காச்சுப்பா, வந்தவங்கள அனுப்ப எனக்கு மனசு வரல."

அன்று நேர்ந்த இழப்புகள் பின்வருமாறு. தேவசகாயத்துக்குப் பித்தளைப் பொத்தான் ஒன்று. மாரியப்பனுக்கு பூட்ஸின் குதிகால் ஒன்று. தாண்டவராயனுக்குக் கடிகாரத்தின் பெரிய முள். பச்சைமுத்துவுக்கு ஒரு சட்டை. விழுப்புரம் மல்லாட்டைக் கிடங்குக்கு, திங்கட்கிழமை முதல் வரவேண்டியிருந்த மூட்டை தூக்கும் ஆள் ஒருவன்.